மிச்ச அட்டைகள் அக்காவுக்கா?



முந்நூற்றி நாலு விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாத வீடு எங்கள் ஆலையடிவேம்புப் பக்கத்தில் குறைவு. ஏழிலிருந்து ஆசு வரையான 32 கடதாசிகள். ஒரு நிறத்தில் உள்ள புள்ளிகளைக் கூட்டினால் 76, நான்கு நிறமும் சேர்ந்தால் 304. செத்த வீட்டில் விடியும்வரை விழித்திருக்கவும், திருவிழா இரவுகளைக் கழிக்கவும் ஆண்கள் இதை ஆடுவார்கள். பெண்களுக்கு யாரும் உட்கார வைத்துக் கற்பித்ததாக நான் அறியவில்லை. தேத்தண்ணீர் கொண்டு போகும்போது எட்டிப் பார்த்துப் பழகியவர்கள்தான் எங்களில் அதிகம்.

ஆனாலும் அந்த விளையாட்டில் ஒரு நியாயம் உண்டு. எல்லோருக்கும் ஒரே கட்டு. அதைக் கலைத்துப் பகிர்வதால் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே வாய்ப்பு.

இப்போது வெளிநாட்டு உறவினர்கள் மூலம் எங்கள் பிள்ளைகளின் கைக்கு வரும் ‘போக்கிமோன்’ அட்டை விளையாட்டு அப்படிப்பட்டதல்ல. இதில் ஒவ்வொருவரும் தனக்கென்று 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். வாங்கலாம், நண்பர்களுடன் மாற்றிக்கொள்ளலாம். இந்த வகை விளையாட்டை 1993 இல் ‘மஜிக்’ என்ற பெயரில் தொடங்கி வைத்தவர் றிச்சட் காஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். போக்கிமோன் அட்டைகள் 1996 இல் யப்பானில் வந்தன. கட்டு அவரவருடையது என்பதால், பலமான அட்டை யாரிடம் சேருகிறதோ அவர் பக்கமே வெற்றியும் சாய்கிறது.

அண்மையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “மிஸ், லண்டனிலிருந்து தம்பி, பிள்ளைகளுக்கு எந்தப் பெட்டி அனுப்பட்டும் என்று கேட்கிறான். என்ன சொல்ல?” அவருடைய மகனுக்குப் பத்து வயது, மகளுக்குப் பதின்மூன்று. மகன் நல்ல அட்டைகளையெல்லாம் தன் கட்டில் வைத்துக்கொண்டு மிச்சத்தை அக்காவிடம் கொடுத்து ஆட்டம் பழக்கியிருக்கிறான். ஐந்தாறு தரம் தோற்ற பிறகு அவள், “இது பொடியன்மாருடைய விளையாட்டு, எனக்குச் சரிவராது” என்று எழும்பிவிட்டாளாம். சரிவராதது அவளுடைய மூளையல்ல, அவளுக்குக் கிடைத்த கட்டு.

எனவே முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் சிறு பொதிகளைக் கேட்க வேண்டாம். அது லொத்தர் சீட்டுச் சுரண்டுவதைப் போன்றது. பத்துப் பொதி உடைத்தாலும் ஆடக்கூடிய ஒரு கட்டு சேராமல் போகலாம். ஒரு பொதி உடைத்த பிள்ளை அடுத்ததையும் கேட்கும். அதற்குப் பதிலாக, ஆடுவதற்கு ஆயத்தமாகக் கட்டப்பட்ட கட்டுகளைக் கேளுங்கள். 2020 இல் முதலில் வெளிவந்த ‘பற்றில் அக்கடமி’ பெட்டியில் மூன்று முழுக் கட்டுகளும், ஆட்டப் பலகையும், பழகுவதற்கான கையேடும் இருந்தன. சிறிய பிள்ளைகளுக்கென்று 2023 இல் வந்த ‘மை ஃபெர்ஸ்ட் பற்றில்’ பெட்டியில் 17 அட்டைகள் கொண்ட இரண்டு சிறு கட்டுகள் உண்டு. ஒரே பெட்டிக்குள் சம பலமான கட்டுகள் இருப்பதுதான் முக்கியம்.

கையில் இருக்கும் அட்டைகளைக் கொண்டே கட்டு அமைப்பதானால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, சக்தி அட்டைகள் ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஒரு முறைக்கு ஒரு சக்தி அட்டையைத்தான் இணைக்கலாம். இரண்டு மூன்று நிறங்கள் கலந்தால், தேவையான நிறம் கைக்கு வராமல் புதியவர் சும்மா இருக்க நேரிடும்.

இரண்டு, அடிப்படைப் போக்கிமோன்கள் போதியளவு வேண்டும். தொடக்கத்தில் எடுக்கும் ஏழு அட்டைகளில் அடிப்படைப் போக்கிமோன் ஒன்றுகூட இல்லாவிட்டால், மீண்டும் கலைத்து எடுக்க வேண்டும். சார்மாண்டர், சார்மீலியன், சாரிஸார்ட் என்று இரண்டு படி வளர்ந்து பலம் பெறுபவை பார்க்க அழகு. ஆனால் அவற்றை வளர்த்து எடுப்பதற்குள் பழகுபவர் தோற்றுவிடலாம்.

மூன்று, நெருப்புக் கட்டுக்கு எதிராக நீர்க் கட்டைக் கொடுக்காதீர்கள். நெருப்பு வகைகள் பெரும்பாலும் நீருக்குப் பலவீனமானவை, அடி இரட்டிப்பாக விழும். தான் ஏன் தோற்றேன் என்று புதியவருக்கு விளங்காது. எதனால் தோற்றோம் என்று விளங்கினால்தான் மறுமுறை ஆட மனம் வரும்.

இந்த அட்டைகள் தமிழில் வெளிவருவதில்லை. ஆகவே வாசகம் குறைந்த, எண்ணைப் பார்த்தே விளங்கிக்கொள்ளக்கூடிய அட்டைகளை முதலில் தெரிவு செய்யுங்கள். பாடசாலையில் படிக்கும் மகள் ஆங்கிலத்தை வாசித்து அம்மாவுக்குச் சொல்லட்டும். அம்மா கூட்டல் கழித்தலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கற்பிக்கும் முறையும் முக்கியம். முதல் இரண்டு ஆட்டங்களில் இருவரும் கையிலுள்ள அட்டைகளை மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு அடிக்கும் காரணம் சொல்லி ஆடுங்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் கட்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள். தம்பியின் கட்டு அக்காவின் கைக்கு வரும்போது, வென்றது திறமையா, அட்டையா என்பது இருவருக்குமே தெரியவரும். கற்றுக்கொடுப்பவர் பலமான கட்டைத் தனக்கு வைத்துக்கொண்டால், பழகுபவர் கற்பது தோல்வியை மட்டும்தான்.

கோழிக்கறியில் நல்ல துண்டு, துவிச்சக்கர வண்டி, பின்னேர வகுப்புக்கான காசு என்று மகனுக்கு முதலில் போய், மிச்சம் மகளுக்கு வருவதை நாம் பல வீடுகளில் பார்க்கிறோம். பிறகு, “அவளுக்கு அதில் விருப்பம் இல்லை” என்றும் நாமே சொல்லிவிடுகிறோம். அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “இரண்டு கட்டும் ஒரே அளவு பலமாக உள்ள பெட்டியைக் கேளுங்கள். வந்ததும் அக்கா முதலில் தெரிவு செய்யட்டும். மூன்றாவது கட்டு இருந்தால் அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.”