மேற்கே பைபாஸ் வந்தால் நெல்லை நெரிசல் தீருமா?

நெல்லை:
சாயங்காலம் ஆறு மணிக்கு வண்ணார்பேட்டையைக் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஜங்ஷன், டவுன், பாளை என்று எங்கே போனாலும் இதே பாடுதான்.

மேற்குப் புறவழிச்சாலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நிஜமாகவே சரியாகுமா?

தாழையூத்துப் பக்கம் தொடங்கி, சுத்தமல்லி வழியாக, தெற்கே கொங்கந்தான்பாறை நோக்கிப் போகும்படி திட்டமிடப்பட்ட சாலை இது. நீளம் 30 கிலோமீட்டருக்கு மேல். தென்காசி, அம்பாசமுத்திரம் ரோடுகளில் வரும் லாரிகள் மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போக ஊருக்குள் நுழைய வேண்டாம். பேட்டைக்கும் டவுனுக்கும் இது பெரிய நிம்மதி.

கிழக்கே நடந்தது என்ன?

ஆனால், கிழக்கே இப்படி ஒரு சாலை ஏற்கனவே இருக்கிறது. மதுரை–கன்னியாகுமரி நான்கு வழிச்சாலை, கே.டி.சி. நகர், ரெட்டியார்பட்டி வழியாக ஊரை ஒதுக்கிவிட்டுப் போகிறது. தூர தேசத்து லாரிகளுக்கு அது போதும். வண்ணார்பேட்டை நெரிசல் மட்டும் போகவில்லை.

ஏன்? அங்கே நிற்பவற்றில் பெரும்பாலானவை கன்னியாகுமரிக்குப் போகிற வண்டிகள் அல்ல. பாளை பள்ளிக்கூடம், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, ஜங்ஷன் ரயில், டவுன் ரதவீதிக் கடை என்று ஊருக்குள்ளேயே வேலை உள்ளவர்களின் வண்டிகள். இவர்கள் எந்த பைபாசில் போவார்கள்?

பேர் மட்டும் பைபாஸ்

வண்ணார்பேட்டையின் தெற்கு பைபாஸ் ரோடும் ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிப் போகப் போட்டதுதான். இன்று அதன் இருபுறமும் ஓட்டல்கள், கடைகள். வேய்ந்தான்குளம் புது பஸ் நிலையத்துக்கும் அதுவே வழி. பேர் மட்டும் பைபாஸ். இப்போது அது நடு ஊர்!

அமெரிக்காவிலும் இதே கதை. ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலையை 2008-ல் சில இடங்களில் 26 தடம் வரை அகலப்படுத்தினார்கள். சில வருஷங்களில் வண்டிகள் பெருகி, ஆபீஸ் நேரப் பயணம் மறுபடியும் இழுத்தடித்தது. ரோடு காலியாக இருந்தால் அதை நம்பி வீடு வரும், கடை வரும், வண்டியும் வரும்.

வாய்க்கால்கள் பத்திரம்!

சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிவதுதான் நெல்லைக் கால்வாய். கோடகன், பாளையங்கால்வாய்ப் பாசனமும் இந்த வட்டாரத்தில்தான். சாலை மேட்டில் போதுமான கண்மாய்ப் பாலங்கள் விடாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. ரோட்டோர வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்டால், விவசாயமும் போய் நெரிசலும் திரும்பி வந்து நிற்கும்.

முடிச்சு எங்கே?

1843-ல் சுலோசன முதலியார் பாலம் வந்தது. ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்திருந்த கஷ்டம் தீர்ந்தது. 1973-ல் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது. ஜங்ஷன் ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்த கஷ்டம் தீர்ந்தது. இரண்டும் பலன் கொடுத்ததற்குக் காரணம், முடிச்சு இருந்த இடத்திலேயே போட்டார்கள்.

குலவணிகர்புரம் கேட்டுக்கு மேம்பாலம் என்பது நெல்லையின் பல வருஷக் கோரிக்கை. அதோடு டவுன் பஸ்கள் கூட வேண்டும். ரதவீதிகளில் சரக்கு லாரிக்கு நேரக் கட்டுப்பாடு, வண்டி நிறுத்தத் தனி இடம் வேண்டும்.

மேற்கு பைபாஸ் அவசியம்தான். லாரித் தொல்லை குறையும். ஆனால் பாளையிலிருந்து டவுனுக்குப் போகிற குமாஸ்தாவுக்கு அதனால் பெரிய லாபம் கிடைக்காது. அவருக்கு வேண்டியது ஊருக்குள்ளே செய்ய வேண்டிய வேலை. பைபாசைக் காட்டி அதைத் தள்ளிப்போடக் கூடாது.