வூர்ட்டம்பெர்க் அரசரின் பிரஜை

விஸ்கான்ஸின் மாகாணத்து மில்வாக்கி நகரில் நான் சில காலம் குடியிருந்தபோது அண்டைவீட்டில் வசித்த முதியவர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், தம் பாட்டனாருக்குப் பாட்டனார் ஜெர்மனியில் எந்த ஊரில் பிறந்தார் என்று கண்டறியும் பிரயத்தனத்திலேயே பதினொரு வருஷங்களைக் கழித்திருந்தார். குடும்பத்துப் பைபிளின் முதல் ஏட்டில் அந்த மூதாதையின் பெயரும், கப்பலேறி வந்த 1854 என்ற ஆண்டும், ஜெர்மனி என்ற ஒரு சொல்லுமே இருந்தன. 1854இல் ஜெர்மனி என்று ஓர் அரசாங்கமே கிடையாது என்பதில் தொடங்கியது அவருடைய சங்கடம். பிரஷ்யா, பவேரியா, பாடன், வூர்ட்டம்பெர்க் என்று பல ராஜ்யங்களாகவும் சிற்றரசுகளாகவும் பிரிந்து கிடந்த பூமி ஒரே பேரரசாகச் சேர்ந்தது 1871இல்தான். அதற்கு முன்னர்ப் பெரும்பாலான பகுதிகளில் ஜனனத்தையும் விவாகத்தையும் மரணத்தையும் எழுதிவைத்தவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் அல்லர்; அந்தந்த ஊர்த் தேவாலயத்துப் பாதிரிமாரே. ஆகையால் ஊரின் பெயர் அகப்படாதவரை, ஜெர்மனியின் பூகோளம் முழுவதும் மனப்பாடமாயிருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவருடைய வீட்டில் வழிவழியாக வந்த கதை ஒன்றுண்டு: எல்லிஸ் தீவில் இறங்கியபோது அங்கிருந்த அதிகாரி, வாயில் நுழையாத பெயரைச் சுருக்கி, வேறொன்றாக எழுதிவிட்டாராம். எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டதே 1892இல் என்பதையும், கப்பலிலிருந்து வந்த பட்டியலைச் சரிபார்ப்பதே அங்கிருந்த அதிகாரிகளின் வேலை என்பதையும் அறிந்தபின், சிறுவயது முதல் அந்த அதிகாரியின்மீது வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் வந்தவர்களே. மியூலர் மில்லராகவும், ஷ்மிட் ஸ்மித்தாகவும், ட்ஸிம்மர்மன் கார்ப்பென்டராகவும் ஆனார்கள்; தச்சர் தச்சராகவே இருக்கப் பாஷை மட்டும் மாறிற்று.

மூதாதை ஏறிய கப்பல் பிரேமன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது என்று நியூயார்க்கில் எழுதப்பட்ட வருகைப் பட்டியல் சொல்லிற்று. ஹாம்பர்க்கிலிருந்து அவர் புறப்பட்டிருந்தால் இந்தப் பத்திக்கே இடமிராது; 1850 முதல் அத்துறைமுகத்தில் எழுதப்பட்ட பட்டியல்கள், பிரயாணி எந்த ஊரிலிருந்து வந்தார் என்ற குறிப்போடு இன்றும் இருக்கின்றன. பிரேமனிலும் அப்படிப்பட்ட பட்டியல்கள் எழுதப்பட்டனவே. ஆனால் 1875 முதல் 1908 வரை, வைக்க இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக, மூன்று வருஷத்துக்கு மேற்பட்டவற்றை ஒழித்துக்கட்டிக்கொண்டே வந்தார்கள். அதன்பின் சேர்ந்தவற்றில் பெரும்பகுதி 1944 அக்டோபரில் விழுந்த குண்டுகளில் எரிந்தது. குண்டு போட்டவரைக்கூட மன்னித்துவிடலாம், யுத்தம் என்று ஒரு சமாதானமாவது உண்டு. அலமாரியைக் காலிசெய்த குமாஸ்தாவை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வழி திறந்தது கடலுக்கு அப்பால் அன்று, மில்வாக்கியிலேதான். அமெரிக்கக் குடியுரிமை வேண்டி மூதாதை நீதிமன்றத்தில் கையெழுத்திட்ட பத்திரத்தில், வூர்ட்டம்பெர்க் அரசருக்குத் தாம் பட்டிருந்த ராஜபக்திக் கடமையை இன்றோடு துறப்பதாக எழுதியிருந்தது. சொந்த நாட்டைக் கைவிடும் அந்த ஒரு காகிதத்தில்தான் அதன் பெயரை விவரமாக எழுதும் அவசியம் அவருக்கு நேர்ந்திருக்கிறது! ராஜ்யம் தெரிந்தது, ஊர் தெரியவில்லை. முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தையாக நின்றவர் யாரென்று லுத்தரன் சபையின் பதிவேட்டில் பார்த்து, அவருடைய கல்லறையைத் தேடிப்பிடித்து, பாசி படர்ந்த கல்லைத் தண்ணீர்விட்டுக் கழுவினால், பிறந்த கிராமத்தின் பெயர் அதில் தெளிவாக வெட்டப்பட்டிருந்தது. தனியொருவராகக் கப்பலேறியவர்கள் குறைவு. முன்னால் போனவர் எழுதிய கடிதத்தை நம்பி ஊரார் ஒருவர்பின் ஒருவராக வந்து ஒரே தெருவில் குடியேறுவதே அக்காலத்து வழக்கம். வூர்ட்டம்பெர்க்கிலோ தகப்பன் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுப் பங்கிட்டு, கடைசியில் ஏர் திரும்பவும் இடமில்லாத துண்டுகளாகிவிட்டன; 1840களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்குப் பயிரையும் நோய் தின்றது.

வூர்ட்டம்பெர்க்கில் 1808 முதல் பாதிரிமார் குடும்பத்துக்கு ஒரு பக்கமென்று பதிவேடு எழுதிவந்தார்கள். அந்தக் கிராமத்திலிருந்து தருவித்த நகலை முதியவர் என்னிடம் காட்டியபோது மழைக்காலத்து எறும்புச்சாரைபோல் இருந்தது எழுத்து. ஜெர்மானியப் பள்ளிகளில் 1941வரை பழக்கத்தில் இருந்த அந்தக் கையெழுத்தில் எ என்பதும் ன் என்பதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். உ என்பதை அதன் தலைக்குமேல் இடும் சிறு வளைவைக்கொண்டே அறியவேண்டும். எழுத்துமுறைப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக அவர் படித்துக் காட்டினார். தகப்பன், தாய், ஒன்பது பிள்ளைகள். ஐவர் சிசுக்களாகவே இறந்துவிட்டனர். நான்காவது வரியில் மூதாதையின் பெயர். விவாகம், மரணம் என்ற கட்டங்கள் காலியாக இருக்க, ஓரத்தில் வேறு மையில் ‘அமெரிக்காவுக்கு’ என்ற ஒரே சொல்.

அத்துடன் ஏட்டை மூடியிருப்பார். ஏழாவது வரியில், பதினாறு வயதுத் தங்கை ஒருத்தியின் பெயருக்கு நேரே, அதே மையில் அதே சொல்லை நான்தான் சுட்டிக்காட்டினேன். அப்படி ஒருத்தி வந்ததாக மில்வாக்கியில் எந்தப் பைபிளிலும் இல்லை. விவாகத்தில் பெண்ணின் பெயர் மாறிவிடுமாகையால் இது முந்தியதைக்காட்டிலும் கடினம் என்று சொல்லிக்கொண்டே, அவர் மேஜைக்குள்ளிருந்து புதிய நோட்டுப்புத்தகம் ஒன்றை எடுத்தார்.