கடன் கொடுப்பவரைக் கையேந்துபவர் என்கிறோம்

"சிறுதொழில்காரங்க மானியத்துலதான் பிழைக்கிறாங்க" என்ற பேச்சு படித்தவர்களிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. அப்படிச் சொல்பவர்கள் ஒருமுறை பென்னலூர்ப் பக்கம் வரவேண்டும்.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் ஒரு பட்டறை. இரண்டு சிஎன்சி, ஒரு பழைய லேத், ஏழு ஆட்கள். மேசைமேல் கம்பியில் குத்திய டெலிவரி சலான்கள்; அடியில் கிடப்பவை பழுப்பேறிவிட்டன. ஒரு பெரிய கம்பெனிக்கு மாதம் 10 லட்சத்துக்குச் சரக்கு போகிறது. பணம் வர 90 நாள். ஆக, எந்நேரமும் 30 லட்சம் வெளியே நிற்கிறது, வட்டியில்லாமல். ஜிஎஸ்டியோ பணம் வரும்வரை காத்திருக்காது. கூலி கொடுக்கப் பட்டறைக்காரர் வங்கியில் 12 சதவீதத்துக்கு ஓ.டி. எடுக்கிறார். அந்த 30 லட்சத்துக்கு வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் வட்டி. பெரிய கம்பெனிக்கு இந்த ஏழு பேர் பட்டறை கொடுக்கும் மானியம் அது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஏன் கேட்கவில்லை என்றேன். "புகார் கொடுத்தா வட்டி வரும் சார். அடுத்த ஆர்டர் வராது" என்றார்.

சிறுதொழிலுக்கான வரம்பை உயர்த்தியதைப் பெரும் சலுகையாகப் பேசுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் 25 கோடி முதலீடும் 100 கோடி விற்றுமுதலும் உள்ள நிறுவனம்கூடச் சிறுதொழில்தான். ஆனால் மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் குறு, சிறு தொழில்களுக்கான பங்கு அதே 25 சதவீதம். பந்தியில் இலையைக் கூட்டினார்கள், உலையில் அரிசி கூடவில்லை. நூறு கோடிக்காரரோடு இந்தப் பட்டறைக்காரர் போட்டி போட வேண்டும்.

மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்த வேலைக்குக் கூலி வராதவரிடம் மானியத்தைச் சொல்லிக்காட்டுவது அநியாயம் என்கிறேன்.

குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கும் கம்பெனிகள், தொகையையும் தாமதத்துக்கான காரணத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மத்திய அரசிடம் தாக்கல் செய்யவேண்டும். 2019 ஜனவரி முதல் இது உத்தரவு. பட்டறைக்காரர் புகாரோடு வந்து நிற்கும்வரை அரசு ஏன் காத்திருக்க வேண்டும்? கையிலிருக்கும் அந்தப் பட்டியலை வைத்தே நோட்டீஸ் அனுப்புங்கள்.