எலும்பை எண்ணினால் மட்டும் போதுமா?

மனித உடலில் எத்தனை எலும்புகள் என்று கேட்டால் தூக்கத்தில்கூட 206 என்று சொல்லிவிடுவோம். ஒரு மார்க் கேள்வி ஆச்சே! ஆனால் அதோடு பாடம் முடிந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

அந்த 206-ல் பாதிக்கு மேல் எங்கே இருக்கின்றன தெரியுமா? மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரு கைக்கு 27. கணுக்காலுக்குக் கீழே ஒரு பாதத்துக்கு 26. இரண்டு பக்கமும் சேர்த்தால் 106! தொடைக்கு ஒரே ஒரு நீளமான எலும்பு போதும், அதன் முக்கிய வேலை எடையைத் தாங்குவது. ஊசியில் நூல் கோர்க்கவும், மேடு பள்ளத்தில் விழாமல் நடக்கவும் சின்னச் சின்னத் துண்டுகள் வேண்டும். ஆக, எண்ணிக்கையைவிட மூட்டுகள்தான் முக்கியம்.

இப்போதே உள்ளங்கையை மேலே பார்த்த மாதிரி வைத்து, அப்படியே கவிழ்த்துப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே கட்டைவிரல் பக்கம் உள்ள எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல் குறுக்காகப் புரள்கிறது. "ஆமாம்" என்று தலையசைத்தால் மண்டை ஓடும் கழுத்தின் முதல் எலும்பும் சேருமிடம் வேலை செய்கிறது. "இல்லை" என்று ஆட்டினால் முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள மூட்டு! தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை. நெம்புகோலாக நடுவில் எலும்பு.

இன்னொரு விஷயம். லேபில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, எலும்பு என்றால் செத்த பொருள் என்று நினைத்துவிடுகிறோம். அது உயிருள்ளது. தினமும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். எடையே இல்லாத விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பின் பெரும்பகுதி, இருபது வயதை ஒட்டியே சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றுவதுதான். சரியாக அந்த வயதில்தான் பத்தாவது, பன்னிரண்டாவது! "போர்ஷன் முடிக்கணும்" என்று பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். வயதானபின் எலும்புத் தேய்மானத்தால் அதிகம் அவதிப்படுவது பெண்கள்தான். ஆனால் "ஓடாதே, குதிக்காதே" என்று முதலில் உட்கார வைக்கப்படுவதும் அவர்கள்தான். என்ன நியாயம் இது?

மார்க் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விட்டுப்போன கணக்கை சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் போட்டுவிடலாம். பதினைந்து வயதில் ஓடாத ஓட்டத்தை நாற்பதில் ஓடி முழுசாக ஈடுகட்ட முடியாது. கபடி, கோ-கோ, ஸ்கிப்பிங் என்று குதித்து ஓடும் எந்த விளையாட்டும் எலும்புக்கு நல்லதுதான். பெரிய மைதானம்கூடத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், எலும்பு மண்டலப் பாடத்தை வகுப்பில் பாதி, மைதானத்தில் பாதி நடத்த வேண்டும். 206 என்ற விடை தெரிந்தவர்களுக்கு, அந்த 206-ஐயும் அசைக்க வாரத்துக்கு இரண்டு பீரியடாவது மிச்சம் வையுங்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?