திரும்பாதவர்களின் பெயர் ஊர்ப் பொறுப்பு

1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே சென்ற விமானப்படை விமானம் 102 பேரோடு ரோத்தங் மலைப்பக்கம் மறைந்தது. 56 ஆண்டு கழித்து, 2024-ல்கூட பனிக்குள்ளிருந்து நான்கு உடல்களை மீட்டார்கள். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.32 விமானத்தில் 29 பேர். அதன் சிதைவுகள் வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பது 2024 ஜனவரியில்தான் தெரிந்தது.

இறந்தவருக்குக் காரியம் உண்டு, திதி உண்டு. காணாமல் போனவருக்கு எந்த நாளில் இலை போடுவது? ஏழாண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். பென்ஷனுக்கு அது போதும். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று நிற்கிற மனைவிக்குப் போதாது. 1971 போரோடு சேர்த்துப் பேசப்படும், காணாமல் போன 54 படைவீரர்களின் உறவினர்கள் சிலர் 2007-ல் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடினார்கள். வெறுங்கையோடு வந்தார்கள்.

இந்தச் சுமையை நாம் வீட்டுக்காரர்கள் தலையிலேயே விட்டுவிட்டோம். டிசம்பர் 7 கொடி நாளன்று உண்டியலில் பத்து ரூபாய் போடுவதோடு நம் கடன் தீர்ந்துவிடுகிறது. திண்டுக்கல்லில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறதே என்பார்கள். அது மனு வாங்கும், உதவித்தொகை வழங்கும். ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பது அலுவலகத்தால் ஆகிற வேலையா? நம் மாவட்டத்துத் தாதப்பட்டியில் தமிழிக் கல்வெட்டோடு நடுகல் கிடைத்திருக்கிறது. போனவன் பெயரைக் கல்லில் வைத்துக் காத்த மண் இது.

நம் மாவட்டத்துக் கிராமங்கள் கிராம சபையில் ஒரு தீர்மானம் போடட்டும். ஓய்வுபெற்ற படைவீரர்கள் திரும்பாதவர்களின் விவரம் சேகரிக்கட்டும், பள்ளி ஆசிரியர்கள் எழுதி வைக்கட்டும், கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ ஆண்டுக்கொருமுறை அந்தப் பெயர்களை வாசிக்கட்டும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வீடு ஒப்புக்கொள்ளும்வரை 'வீரமரணம்' என்று போஸ்டர் அடிக்கக் கூடாது. 'திரும்பவில்லை' என்று எழுதினால் போதும்.

இரண்டாம் உலகப் போரில் போனவர்களையும் விட்டுவிடக் கூடாது. கல்லறையே இல்லாத 24,000-க்கும் மேற்பட்டோர் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கின்றன. ரங்கூன் நினைவிடத்தில் ஏறக்குறைய 27,000. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் சிலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கும். இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நம் மாவட்டம் மதுரையிலிருந்து 1985-ல் பிரிந்ததுதான் என்பதால், திண்டுக்கல் என்று மட்டும் தேடி நிறுத்திவிடாமல் மதுரை என்றும் தேட வேண்டும்.