சரித்திரத்தில் இவர்களுக்கும் இடம் வேண்டும்

2017-ம் வருஷம் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரையில் லண்டன் நகரத்துப் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு காட்சி நடைபெற்றது. தன் பாலினரிடத்தே அன்பு பூண்டவர்களும், ஆண் எனப் பெயரிடப்பட்டுப் பெண்ணாக வாழ்ந்தவர்களும், பெண் எனப் பெயரிடப்பட்டு ஆணாக வாழ்ந்தவர்களும் எந்தத் தேசத்திலும் எந்தக் காலத்திலும் இருந்தே வந்திருக்கின்றனர் என்பதை, அம்மியூசியத்தில் முன்னமே குவிந்திருந்த பொருள்களைக் கொண்டே எடுத்துக்காட்டுவது அக்காட்சியின் நோக்கம். இங்கிலாந்தில் ஆடவர் இருவரின் அந்தரங்க உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து ஒருவாறு நீக்கிய 1967-ம் வருஷத்துச் சட்டத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை அந்நாட்டார் அவ்விதம் கொண்டாடினர்.

அந்நாளில் இந்தியாவின் நிலைமை யாது? அதே ஆங்கிலேயர் 1860-ம் வருஷத்தில் இயற்றி, 1862 முதல் அமலுக்குக் கொண்டுவந்த இந்தியப் பீனல் கோடின் 377-வது பிரிவு இங்கே உயிரோடிருந்தது. தன் வீட்டில் விழா. தான் பூட்டிச் சென்ற வீட்டில் பூட்டு. 1918-ல் அன்று, 2018 ஏப்ரலில்தான், பிரிட்டிஷ் பிரதம மந்திரி காமன்வெல்த் கூட்டத்தில் இத்தகைய சட்டங்களை நாடுகள்தோறும் விட்டுவைத்ததற்கு வருத்தம் தெரிவித்தார். ஆயினும் பழி முழுவதையும் ஆங்கிலேயர் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவுதல் நேர்மையாகாது. 1947-க்குப் பின் எழுபத்தொரு வருஷங்கள் அப்பூட்டின் சாவி நம் கையிலேயே இருந்தது. 2009-ல் டில்லி ஹைகோர்ட் திறந்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பூட்டியது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட், வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவே இல்லை.

சட்டம் போயிற்று, அது உண்டாக்கிய மௌனம் போயிற்றா? இதுவே இன்று நாம் ஆராய விரும்புவது.

இம்மௌனம் தானாக விளைந்ததன்று, திட்டமிட்டு விதைக்கப்பட்டது. 1837-ல் மெக்காலே பிரபு பீனல் கோடின் முதல் நகலைத் தயாரித்த போது, ஏனைய குற்றங்களுக்கெல்லாம் காரணமும் விளக்கமும் பக்கம் பக்கமாக எழுதினார். இவ்விஷயத்தை மட்டும், இதைக் குறித்து எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நலம் என்ற கருத்தோடு தாண்டிச் சென்றார். காரணம் கூறாமல் தண்டிப்பது எந்த நீதி என்று கேட்பாரில்லை. அடுத்து 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அதன் இரண்டாம் பாகம் வடக்கே ஹிஜ்ராக்கள் எனப்படுவோரைக் குறி வைத்தது. சந்தேகத்துக்குள்ளான அவர்களுடைய பெயரையும் இருப்பிடத்தையும் சர்க்கார் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவானவர் பெண்ணுடை தரித்துப் பொதுவிடத்தில் தோன்றினாலோ, ஆடிப் பாடினாலோ, இரண்டு வருஷம் வரையில் சிறைவாசம். அவர்கள் சிறுவர்களுக்குக் கார்டியனாக இருத்தல் ஆகாது, தானம் கொடுத்தல் ஆகாது, உயில் எழுதுதல் ஆகாது, ஸ்வீகாரம் எடுத்தலும் ஆகாது. ஒரு கூட்டத்தார் உயிரோடிருக்கும் போதே அவர்களுடைய வமிசமும் சொத்தும் நினைவும் அற்றுப்போகும்படி செய்வதற்கு இதைவிட வேறு ஏற்பாடு வேண்டுமா?

தென்பாண்டி நாட்டாருக்கு இச்சட்டத்தின் பெயரே போதும், விளக்கம் வேண்டுவதில்லை. 1911-ல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திற்குள் புகுந்த அதே குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் நம் ஜனங்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று சபித்தார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி பாய்ந்த குண்டுகளை மதுரைச் சீமை இன்னும் மறக்கவில்லை. பிறப்பையே குற்றமாக்கும் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த நம்மவர், அதே சட்டத்தின் மற்றொரு பாகத்தில் நசுக்கப்பட்டவர்களைப் பார்த்து நகைப்பது தகுமா?

‘இவை யாவும் மேனாட்டுச் சரக்கு, நமது பண்பாட்டில் இல்லாதவை’ என்று சில தேசாபிமானிகள் கூறக் கேட்கிறோம். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்: மேனாட்டுச் சரக்கு 377-வது பிரிவேயாகும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை எடுத்துக்கொண்டு, அதனை உயர்திணையில் வைத்து, எவ்வாறு வினைகொண்டு முடிக்க வேண்டும் என இலக்கணம் வகுக்கிறார். நன்னூலாரும் அவ்வழியே பேசுகிறார். மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடியாடலும் ஒன்று. மழையின்றிக் கரிசல் பூமி வெடிக்கும் காலத்தில் கோயிலில் விராட பர்வம் படிக்கச் செய்வது நம் கிராமங்களின் பழைய வழக்கம். அப்பர்வத்தில் காண்டீபம் ஏந்திய அர்ச்சுனன் பேடி உருவில் அரண்மனைப் பெண்ணுக்கு நாட்டியம் கற்பிக்கிறான். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை தோறும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவனுக்காக அழும் திருநங்கையர் கூட்டத்தை அறியாதார் தமிழகத்தில் உண்டோ?

ஆனால் ஒன்று. நமக்கு அனுகூலமானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பொற்காலம் ஒன்றைப் புனைந்து காட்டுவதும் சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமே. ‘பேடி’ என்னும் சொல்லைக் கோழைக்கு வசையாக வழங்கியவர்களும் நம் முன்னோரே. திருக்குறளிலும் அவ்வழக்கு உண்டு. இலக்கணத்தில் உயர்திணை கொடுத்த சமூகம், திண்ணையில் இடம் கொடுத்ததா என்பது வேறு கேள்வி. சென்னை எழும்பூர் மியூசியத்தில், திருவெண்காட்டிலிருந்து வந்த சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் செப்புத் திருமேனி இருக்கிறது. உலகத்துச் சிற்பச் செல்வங்களுள் வைத்தெண்ணத் தக்கது அது. அத்திருமேனியைக் கண்டு, ஆணும் பெண்ணும் ஓருடலில் இயைவதைத் தெய்வமாக நினைக்க நம்மவர்க்கு இயன்றது என்று சொல்லலாம். அதை வார்த்த ஸ்தபதியின் தெருவில் அப்படிப் பிறந்த ஒரு மனிதப் பிராணி எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை அச்செம்பு சொல்லாது. விக்கிரகத்துக்குச் செய்யும் தீபாராதனை மனிதருக்குச் செய்யும் நியாயமாகிவிடாது.

ஆகவே, கோயிலிலும் காவியத்திலும் மட்டும் தேடினால் இச்சரித்திரம் முழுமையாக அகப்படாது. சர்க்கார் ரிக்கார்டுகளிலே தேடினால் அகப்படுவது போலீஸ் பதிவேடும் கோர்ட்டுத் தீர்ப்பும். அங்கே இவர்கள் குற்றவாளிகளாகவே நிற்கிறார்கள். அவர்கள் எப்படி உண்டார்கள், யாரை நேசித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதை எந்தத் தாணாக்காரனும் எழுதி வைக்கவில்லை. அதை அவர்களேதான் எழுத வேண்டும். அவர்களேதான் சேர்க்க வேண்டும்.

எழுதவும் சேர்க்கவும் தொடங்கிவிட்டார்கள் என்பதே மகிழ்ச்சிக்குரிய செய்தி. ரேவதி அவர்களின் நூலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வும், பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ என்னும் நாவலும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தமிழில் வெளிவந்தன. அதே பிரியா பாபு மதுரையில் திருநங்கையருக்கென ஓர் ஆவண மையமும் நூலகமும் அமைத்து, புத்தகங்களையும் பத்திரங்களையும் படங்களையும் சேர்த்து வருகிறார். கோபி சங்கர் என்பாரும் அவருடைய நண்பர்களும் ‘சிருஷ்டி’ என்னும் மாணவர் அமைப்பின் சார்பில் 2012 ஜூலையில் அதே மதுரையில் பொதுப் பிரசங்கங்களும் ஊர்வலமும் கூடிய ஒரு விழா நடத்தினர். அதற்குக் கணித மேதை ஆலன் டூரிங்கின் பெயரைச் சூட்டினர். யுத்தத்தில் தன் தேசத்தைக் காத்து, பின்னர் அதே தேசத்தின் கோர்ட்டில் இவ்விதச் சட்டத்தின் கீழ்த் தண்டனை பெற்றவர் அப்பேராசான். பெங்களூரில் தேசிய சட்டக் கல்லூரியில் இத்தகைய ஆவணங்களுக்கென்றே ஒரு காப்பகம் இயங்குகிறது.

காகிதத்தை அலட்சியம் செய்வோர்க்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்டு என்பவர் 1919-ல் பெர்லினில் ஒரு ஸ்தாபனம் நிறுவி, இவ்விஷயமாக உலகத்திலேயே பெரிய நூல்நிலையத்தைத் திரட்டினார். 1931-ல் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பிரயாணம் செய்து, நம் தேசத்தை இழித்தெழுதிய மிஸ் மேயோவைக் கண்டித்தும் எழுதியவர். 1933 மே மாதத்தில் ஹிட்லரின் அடியாட்கள் அந்த ஸ்தாபனத்தைச் சூறையாடி, அதன் புத்தகங்களை வீதியில் குவித்துக் கொளுத்தினார்கள். கொடுங்கோலர்கள் முதலில் எரித்தவற்றுள் இதுவும் ஒன்று என்பதிலிருந்தே இதன் மதிப்பை அறியலாம்.

இனி விருதுநகருக்கு வருவோம். இம்மாவட்டத்தில் அரும்பொருட்களுக்குக் குறைவில்லை. வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வில் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் உருவங்களும் கிடைத்தன. மாவட்டத் தலைநகரில் சர்க்கார் மியூசியம் ஒன்று உண்டு. சென்னையில் பாமரர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்று அழைத்தனர். உயிரோடிருக்கும் மனிதரின் சரித்திரத்துக்கு அங்கே இடம் கொடுத்தால் அப்பெயர் மாறும். சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி மேல் ஒட்டிய காகிதம் குப்பைக்குப் போவதுதான். அந்த லேபிள்களை இன்று தேடித் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். அதுபோலவே ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு கூவாகத்துப் புகைப்படம், முதன்முதலாகத் தன் பெயரில் கிடைத்த ஒரு ரேஷன் கார்டு ஆகியவை நாளைய சரித்திரத்தின் சான்றுகள்.

பெயர் என்றால் என்ன என்பதை இவ்வூருக்கு யார் போதிக்க வேண்டும்? தமிழ்நாட்டுக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வேண்டும் என்பதைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்து, 1956-ல் எழுபது நாட்களுக்கு மேல் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்த தியாகி சங்கரலிங்கனார் இவ்வூரார். பிறர் இட்ட பெயரால் அழைக்கப்படுவது எத்தகைய இழிவு என்பதை அவர் உயிர் கொடுத்து விளக்கினார். ‘திருநங்கை’ என்னும் கண்ணியமான சொல் தமிழ்நாட்டில் சர்க்கார் வழக்கானதும், 2008-ல் அவர்களுக்கென நலவாரியம் அமைந்ததும், ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களின் 2021-ம் வருஷத்து உத்தரவை அடுத்து 2022-ல் இவ்வகையினர் யாவரையும் மரியாதையாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் கெஜட்டில் வெளியானதும் அதே வழியில் வந்த காரியங்கள். அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் மதுரையைச் சேர்ந்த இரு இளம் பெண்கள். 2019-ல் திருநங்கை ஒருவரின் கலியாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் மதுரைக் கிளையே. தலைநகரத்து நாகரிகம் என்று இதனை ஒதுக்குவோர் இதைக் கவனிப்பார்களாக.

நாம் கோருவது இதுதான். விருதுநகர் மியூசியத்தில் இச்சரித்திரத்துக்கென ஓர் அலமாரியேனும் ஒதுக்கப்பட வேண்டும். மாவட்ட நூலகத்தில் மேற்சொன்ன தமிழ் நூல்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையேனும், தமிழகத்தில் திருநங்கையர் தினமாகிய ஏப்ரல் 15-ல், பொதுப் பிரசங்கம் நடைபெற வேண்டும். மேடையில் பேசுவோர் அவர்களாகவும், கேட்போர் நாமாகவும் இருக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று எவரும் கேட்க வேண்டாம். மகமைப் பணத்தால் 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலையை எழுப்பிக் காமராஜர் போன்றாரை எழுத்தறிவித்த ஊர் இது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சேகரம் என்ற பெயரால் மறுபடியும் ஒரு பதிவேடு தயாராகிவிடக் கூடாது. 2011-ம் வருஷத்துக் குடிக்கணக்கில் தமிழ்நாட்டில் ஆண், பெண் என்னும் இரண்டிலும் அடங்காது ‘மற்றவர்’ எனப் பதிந்தோர் 22,364 பேர். சொல்லத் துணியாதவர் இதனினும் மிகுதியாக இருப்பர் என்பது திண்ணம். தீப்பெட்டி ஆபீஸிலும் அச்சகத்திலும் பட்டாசுச் சாலையிலும் வேலை செய்து, வீட்டாருக்கு அஞ்சி வாய் திறவாதிருக்கும் ஒருவரின் கடிதமோ படமோ அவர் சம்மதமின்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகுமானால், 1871-ம் வருஷத்து அதிகாரிக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. கொடுப்பவர் மனமுவந்து கொடுக்க வேண்டும். திரும்பக் கேட்டால் திருப்பித் தர வேண்டும். பெயர் வேண்டாமென்றால் பெயரை மறைத்து வைக்க வேண்டும்.

2023 அக்டோபரில் இவர்களுடைய விவாக உரிமையைச் சுப்ரீம் கோர்ட் ஏற்க மறுத்துப் பார்லிமெண்டுக்கு விட்டது. அவ்வாதம் நாட்டில் தொடர்ந்து நடக்கும், நடக்கட்டும். அதில் எந்தப் பக்கம் நிற்பவரும் மறுக்க முடியாதது ஒன்றுண்டு: இவர்கள் நேற்று வந்தவர்களல்லர். இவர்களை அறிந்து பேசுவது ஒன்று. அறியாமல் ஏசுவது மற்றொன்று. மெக்காலே கட்டளையிட்ட மௌனத்தைச் சுதந்திர இந்தியாவின் பிரஜைகள் இன்னும் எத்தனை நாள் காவல் காக்கப் போகிறார்கள்? விருதுநகர்ப் பெருமக்கள் முதலில் வாய் திறப்பார்களாக.