‘பாளையங்கோட்டைக்கு எதுக்கு வந்தா?’

நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்து உதவி செய்தால் போதும்.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் மகள், வயது 27, சென்னையில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியும் ஒரு சைக்கிளுமாகப் பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கினாள். வேலை போகவில்லை. நிச்சயம் பண்ணின கல்யாணம் எதுவும் நிற்கவில்லை. உடம்புக்கும் ஒன்றும் இல்லை. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என்னிடம் விசாரித்த அத்தனை பேரும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள்.

“என்ன டீச்சர், மெட்ராஸ்ல இருந்த பிள்ள இங்க வந்து இருக்காளாமே, ஏதும் பிரச்சினையா?”

ஒரு பிரச்சினையும் இல்லை, பிடித்துப்போய் வந்திருக்கிறாள் என்றால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

விஷயம் சின்னது. அவள் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். மாதத்தில் இரண்டு நாள் ஆபீஸில் தலையைக் காட்டினால் போதும், நெல்லை எக்ஸ்பிரஸில் போய்விட்டு வந்துவிடுகிறாள். போன ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்தபோது தன்னார்வலராக வந்திருக்கிறாள். மூன்று நாள் குளத்தங்கரைகளில் நடந்தவள், திரும்பி வேளச்சேரி டிராஃபிக்கில் நின்றபோது “நான் ஏன் டீச்சர் அங்க இருக்கக் கூடாது?” என்று எனக்கு ஃபோன் பண்ணினாள். (அம்மா கூப்பிட்ட மாதிரியே அவளும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.) வா என்றேன். வீடு கிடைப்பது பெரிய காரியமா என்று நினைத்தேன்.

பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர், சாந்தி நகர் என்று ஒன்பது வீடு பார்த்தோம். “ஃபேமிலிக்குத்தான் விடுவோம்” என்று வாசலிலேயே முடித்தவர்கள் ஐந்து பேர். ஒருவர் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, “படிக்கிற பிள்ளைன்னா ஹாஸ்டல்ல இருக்கட்டும், வேலைக்குப் போற பிள்ளைன்னா புருஷனோட வரட்டும், தனியா எப்படி டீச்சர் விடச் சொல்லுதிய?” என்றார். ஐ.டி. என்று காதில் விழுந்ததும் வாடகையில் இரண்டாயிரத்தைக் கூட்டினவர் ஒருவர். ஒரு வீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கேட் சாவி பற்றிப் பேச்சு வந்தபோது, விடியக்காலம் ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாள் என்று சொல்லித் தொலைத்தேன்.

“அஞ்சு மணிக்கு எங்க போவா?”

“பறவை பாக்கப் போவா.”

“பறவையா?” என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய் மனைவியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். அண்ணன் மகனுக்கு அந்த வீடு தேவைப்படுகிறதாம். அந்த நிமிடத்தில் பிறந்த தேவை.

ஒன்பதாவது வீட்டுக்காரி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். அவளும் இல்லை என்றாள். அதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

மேடை கிடைத்தால் போதும், தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று ஆரம்பித்துவிடுகிறோம். 1878-ல் தூய யோவான் கல்லூரி, 1895-ல் சாராள் தக்கர் கல்லூரி, 1923-ல் தூய சவேரியார் கல்லூரி, 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று வருஷத்தோடு ஒப்பிப்போம். நானும் ஒப்பித்திருக்கிறேன். இந்தப் பெருமையில் பாதி வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தது. சாராள் தக்கர் இந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே வந்து 1841-ல் இடையன்குடியில் தங்கிய கால்டுவெல்லுக்கு அப்போது வயது 27. இவளுக்கும் அதே 27. இன்றைக்கு வந்திருந்தால் அவரிடமும் “ஃபேமிலி இருக்கா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்போம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வேறு எங்கேயாவது எழுதப்பட்டிருக்கும்.

கூந்தன்குளத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. எதுக்கு வந்தாய், அங்கே என்ன பிரச்சினை என்று யாரும் அதைக் கேட்பதில்லை. அந்த ஊரில் வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது. எச்சமும் வாடையும் முற்றம் முழுக்க இருக்கும். பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் யாரும் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொண்டதில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 33 வருஷம் புவியியல் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் கடைசி வகுப்பில் ஒரே பேச்சு: “நல்லாப் படிங்க, இந்த ஊரை விட்டு வெளியே போங்க.” கை தட்டுவார்கள். எவ்வளவு தூரம் போனாளோ அவ்வளவு கெட்டிக்காரி என்று கணக்கு வைத்திருந்தேன். மதுரை போனவளைவிடச் சென்னை போனவள் மேல், அவளைவிட டல்லாஸ் போனவள் மேல். ஊரிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் ஏதோ தப்புச் செய்த மாதிரி “இங்கதான் டீச்சர் இருக்கேன்” என்று குரலைத் தாழ்த்துவார்கள். அந்தக் குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொடுத்தது நான். என் மகனும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தான், இப்போது வருஷத்துக்கு ஒரு முறை வருகிறான்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது, பிறப்பதும் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. ஐந்து மதிப்பெண் கேள்வி. எத்தனை பிள்ளைகளுக்கு எழுதவைத்தேன்! ஒரு வகுப்பையாவது அந்த ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேனா? பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அனுமதி வாங்க வேண்டும், பெண் பிள்ளைகள், எவளாவது தண்ணீரில் இறங்கிவிட்டால் யார் பொறுப்பு என்று ஆயிரம் காரணம். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆற்றில் பள்ளம் உண்டு, ஆளும் போயிருக்கிறது. ஆனால் 33 வருஷத்தில் ஒரு தடவை கூடவா? முண்டந்துறை 1988-லேயே புலிகள் காப்பகம் ஆகிவிட்டது, தமிழ்நாட்டில் முதலாவது. பாபநாசத்துக்கு ஒன்றரை மணி நேர பஸ். நான் படத்தில்தான் காட்டினேன்.

இந்தப் பிள்ளை வந்த மூன்றாம் வாரம் குறுக்குத்துறையில் நீச்சல் பழக ஆரம்பித்துவிட்டாள். சொல்லிக் கொடுத்தது அங்கே தினமும் குளிக்க வருகிற ஆச்சிமார்கள். “பயப்படாதட்டி, கைய விரி” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதாம் ஒரு ஆச்சி. கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது.

இனி எதிர்க்கட்சி வாதம். “அவளுக்கென்ன, மெட்ராஸ் சம்பளம் வருது, இங்க உள்ள பிள்ளைகளுக்கு வேலை எங்க இருக்கு?” சரியான கேள்வி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. முதுகலை முடித்துவிட்டு கௌரவ விரிவுரையாளராக அல்லாடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் “இங்கேயே இரு, காற்று நல்லா இருக்கு” என்று சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளத்தைச் சுமந்துகொண்டு வருகிறவளுக்காக வாடகையைக் கூட்டினால், அடுத்து அதே வீட்டைக் கேட்டு வருகிற ஆஸ்பத்திரி நர்ஸும் அதைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கூட்டியது அவள் இல்லை, நாம். அதையும் அவள் கணக்கில் எழுதாதீர்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்லவில்லை. குற்றாலத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு, அமைதியான வாழ்க்கை என்று ரீல்ஸ் போட்டுவிட்டு, ஷாம்பு பாக்கெட்டை அருவிக்கரையில் விட்டுப் போகிற கூட்டமும் இருக்கிறது. அவர்களுக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் சேறு வாரின அனுபவம் தெரியாது. நான் அவர்களுக்காகப் பேசவில்லை. இங்கே வாடகை கொடுத்து, ரேஷன் கடை எங்கே என்று கேட்டு, மழைக்கும் வெயிலுக்கும் இங்கேயே இருக்கிறேன் என்று வருகிறவர்களுக்காகப் பேசுகிறேன்.

போன மாதம் அவளோடு சுலோசன முதலியார் பாலத்தில் நின்றேன். 1843-ல் ஒரு சிரஸ்தார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் என்று பெருமையாக ஆரம்பித்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அமலைச்செடி மிதந்தது. “அந்தக் கறுப்புத் தண்ணி எங்க இருந்து டீச்சர் வருது?” என்றாள். சாக்கடை என்றேன், சாதாரணமாக. அவளுக்கு அது சாதாரணமாக இல்லை. கரையோரமாக இரண்டு நாள் நடந்து, கழிவுநீர் விழுகிற இடங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, திங்கட்கிழமை மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

எங்கள் தெருவில் அதற்கும் பேச்சு. “வந்து ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள மனு குடுக்கா!” ஆமாம், கொடுத்தாள். நாம் அறுபது வருஷமாக இங்கே இருக்கிறோம். அதே பாலத்தைத் தினமும் கடக்கிறோம். பஸ் ஜன்னலை மூடிக்கொள்வதைத் தவிர நாம் என்ன செய்தோம்? பழகிப்போன கண்ணுக்குத் தெரியாதது புதுக் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கண் இந்த ஊருக்கு வேண்டாம் என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அண்ணன் மகன் மேல் பழி போடாதீர்கள்.

அவள் அம்மா வாரம் ஒரு முறை ஃபோனில் அழுகிறாள். “நீங்கதான டீச்சர் எங்கள வெளியே போகச் சொன்னிய, இப்ப என் பிள்ளைய அங்க பிடிச்சு வச்சிருக்கிய” என்கிறாள். பிடித்து வைக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இப்போதைக்கு என் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். அவளுக்குத் தனி இடம் வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கும் வேண்டும், அவள் அலாரம் நாலரைக்கு அடிக்கிறது. ஒரு படுக்கையறை உள்ள வீடு, மாடி போர்ஷன் என்றாலும் சரி. வாடகை எட்டாயிரத்துக்குள். இன்டர்நெட் இணைப்பு வருகிற தெருவாக இருக்க வேண்டும், சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும், கேட் சாவி ஒன்று கையில் வேண்டும். வேய்ந்தான்குளம் பக்கம் என்றால் சந்தோஷப்படுவாள். பொறுப்புக்கு ஆள் கேட்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன். பாளையங்கோட்டையில் வீடு வைத்திருக்கிற என் பழைய மாணவிகள் இந்தப் பட்டியலில் நாற்பது பேராவது இருப்பீர்கள். லைக் வேண்டாம், இன்பாக்ஸுக்கு வாருங்கள்.